ஏ என்றால் விருந்தாளி

மகள் இங்கிலாந்திலிருந்து கூப்பிட்டாள். அவளுக்கு டூட்டி முடிந்த நேரம். யாங்கோனில் (பழைய ரங்கூன்) எனக்குக் கரண்ட் போன நேரம். மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டே போனைக் காதில் வைத்திருந்தேன்.

"அம்மா, ஒண்ணு படிக்கிறேன், கேளு. நடுவுல தடுமாறுனா சொல்லு."

படித்தாள். அடுத்த வாரம் அவளுக்கு பிரிட்டிஷ் குடியுரிமை கொடுக்கிறார்கள். நகரமன்றக் கூடத்தில் மற்றவர்களோடு நின்று ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டுமாம். மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன். இந்த நாட்டின் உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதிப்பேன். அதன் சட்டங்களுக்கு உண்மையாக நடப்பேன். குடிமகளாக என் கடமைகளையும் பொறுப்புகளையும் நிறைவேற்றுவேன். அவள் தடுமாறவில்லை. நான்தான் கடைசி வரியில் நின்றுவிட்டேன்.

"என்னென்ன கடமைன்னு எழுதிக் கொடுத்தாங்களா?"

"இல்லம்மா. வரி கட்டணும், ஜூரிக்குக் கூப்பிட்டா போகணும். வேற என்ன இருக்கப் போகுது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவள். 1989இல், பதினெட்டு வயது முடிந்ததும், அப்பா என்னை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன், சட்டங்களை மதித்து நடப்பேன், எனக்கு விதிக்கப்பட்ட கடமைகளையும் உரிமைகளையும் அறிந்திருக்கிறேன் என்று அந்தத் தாளில் இருந்தது. "அறிந்திருக்கிறேன்" என்கிறதே, எதை என்று மேசைக்குப் பின்னால் இருந்தவரிடம் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அப்பா என் காலை மிதித்தார். கையெழுத்துப் போட்டேன். நான் என்ன அறிந்திருக்கிறேன் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு அடுத்த முப்பது வருஷம் பிடித்தது.

(பெயர் போடாமல்தான் இதை எழுதுகிறேன். காரணம் கேட்காதீர்கள்.)

தமிழில் ஒருவரை "ஏ" என்று கூப்பிட்டால் சண்டைக்கு வருவார். பர்மியர் மொழியில் ஏ என்றால் விருந்தாளி. வீட்டுக்கு வருகிறவர் ஏதே. ராத்திரி தங்கும் ஆட்களின் பெயரை வார்டு அலுவலகத்தில் பதிகிற பட்டியல் ஏ-சயின். 1982 அக்டோபரில் வந்த குடியுரிமைச் சட்டம் எங்களைப் போன்றவர்களுக்குத் தந்த பெயர் ஏ-நைங்ஙன்தா. நைங்ஙன்தா என்றால் குடிமகன். ஆக, விருந்தாளிக் குடிமகன். இணைக் குடிமகன் என்று நாகரிகமாக மொழிபெயர்க்கிறார்கள். மூலத்தில் விருந்தாளிதான்.

அந்தச் சட்டத்தில் குடிமக்கள் மூன்று வகை. 1823க்கு முன்பே, அதாவது வெள்ளைக்காரன் படையெடுத்து வருவதற்கு முன்பே, இந்த மண்ணில் இருந்ததாக ஏற்கப்பட்ட இனத்தார் முழுக் குடிமக்கள். 1948 சட்டத்தின்கீழ் குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக் கிடந்தவர்கள் விருந்தாளிகள். மனுவே போடாமல், சுதந்திரத்துக்கு முன் வந்ததற்கான சான்றை மட்டும் வைத்திருந்தவர்கள் மூன்றாவது வகை. பிறகு அட்டைக்கும் நிறம் வந்தது: இளஞ்சிவப்பு, நீலம், பச்சை. எனக்கு நீலம்.

தாத்தா 1926இல் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து மேஸ்திரி பிடித்துக் கொண்டுவந்த கூட்டத்தோடு கப்பலேறியவர். அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். பிரிட்டிஷ் பேரரசின் பிரஜை என்பதால் சென்னைக்கும் ரங்கூனுக்கும் ஒரே கொடி, போக வரத் தடையில்லை. 1947 அரசியலமைப்பின்படி, பேரரசின் எல்லைக்குள் பிறந்து, அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் 8 ஆண்டு பர்மாவில் இருந்தவர் விரும்பினால் குடிமகன் ஆகலாம். தாத்தாவுக்கு அந்தத் தகுதி தாராளமாக இருந்தது. மனுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கொடுக்கவில்லை. "இங்கதானே இருக்கோம், இதுக்கு என்னத்துக்குக் காகிதம்?" என்றாராம். அப்பாவுக்குப் புத்தி வந்து 1957இல் மனுப் போட்டார். பதில் வரவே இல்லை. நடுவில் ஓர் ஆட்சி போய், ராணுவம் வந்து, சோஷலிசம் வந்து, புதிய அரசியலமைப்பு வந்தது. அத்தனை காலமும் அப்பா வெளிநாட்டவர் பதிவுச் சீட்டைக் கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். இதே ரங்கூனில் பிறந்தவர் அவர்.

சென்னையில் எனக்கு ஓர் அண்ணன் உண்டு. பெரியப்பா மகன். 1960இல் ரங்கூன் கண்டோகலேயில் எங்கள் வீட்டில் பிறந்து, ஐந்து வயதில் கப்பலில் போனவர். வியாசர்பாடியில் வளர்ந்து, தொழிற்சங்கத்தில் ஊறி, இன்றுவரை சிவப்புத் துண்டைக் கழற்றாதவர். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்புகிற குரல் பதிவுகள் ஒவ்வொன்றும் பத்து நிமிஷத்துக்குக் குறையாது. மேற்கத்திய நாடு தருவது வெறும் காகித உரிமை என்பார். பட்டினி கிடக்கிறவனுக்குப் பேச்சுரிமை எதற்கு? வேலை, சோறு, பள்ளிக்கூடம், வைத்தியம் இவைதான் உரிமை, அதைச் சட்டமாக எழுதியது சோஷலிச நாடுகள்தான் என்பார். மகளோ அதை ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "பெரிய மாமா ஏன் அங்கெல்லாம் குடியேறல?" என்று கேட்பாள். இருவருக்கும் நடுவில் நான்.

அண்ணன் சொல்வதில் பொய் இல்லை. இரண்டு வகை அரசியலமைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவை குடிமகனைப் பார்க்கிற கோணமே வேறு. 1791இல் அமெரிக்கா சேர்த்த உரிமைச் சட்டத் திருத்தங்கள் பத்தில் கடமை என்ற சொல்லே கிடையாது. அவை பெரும்பாலும் அரசைப் பார்த்துப் பேசுகின்றன: பேச்சைத் தடுக்கும் சட்டம் போடாதே, காரணமில்லாமல் வீட்டுக்குள் புகாதே. குடிமகனின் வீட்டைச் சுற்றி ஒரு வேலி. வேலிக்குள் அவன் தின்றானா பட்டினி கிடந்தானா என்பது அதன் கவலை இல்லை. வேலை, வீடு, வைத்தியம் எல்லாம் உரிமையாக வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் 1944இல் பேசினார். அது பேச்சோடு நின்றது.

சோவியத்தின் 1936 அரசியலமைப்பு மறுமுனையிலிருந்து தொடங்குகிறது. வேலை உரிமை, ஓய்வு உரிமை, முதுமையில் பராமரிப்பு, இலவசக் கல்வி. கூடவே, வேலை செய்வது கடமை, உழைக்காதவனுக்கு உணவில்லை. பேச்சுரிமையும் உண்டு, ஆனால் உழைக்கும் மக்களின் நலனுக்கு இசைவாக, சோஷலிச அமைப்பைப் பலப்படுத்துவதற்காக. 1977இல் வந்தது இன்னும் தெளிவு: கடமையை நிறைவேற்றுவதிலிருந்து உரிமையைப் பிரிக்கவே முடியாது என்று எழுதிவைத்தார்கள். வேலை கடமை என்றால், வேலை செய்யாதவன் குற்றவாளி. 1964 மார்ச் 13இல் லெனின்கிராடில் ஜோசப் பிராட்ஸ்கி என்ற இளங்கவிஞருக்கு, சமூகத்தை ஒட்டிப் பிழைக்கிறவர் என்று சொல்லி ஐந்தாண்டு தண்டனை கொடுத்து வடக்கே அனுப்பினார்கள். கவிதை எழுதுவது வேலையில் சேர்த்தி இல்லையாம்.

அதற்கு ஆறாவது நாள், 1964 மார்ச் 19இல், ரங்கூனில் எங்கள் மளிகைக்கடையை எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் கடையை மட்டும் அல்ல. ஊர்க் கடைகளையெல்லாம் அன்று அரசுடைமை ஆக்கினார்கள். வந்தவர்கள் கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை என்பார் அப்பா. சாவியைக் கேட்டார்கள், சரக்கை எண்ணிக் கணக்கெழுதினார்கள், வாசலில் "மக்கள் கடை" என்று ஓர் எண் போட்ட பலகையை மாட்டினார்கள். மே 17இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. பெரியப்பா அடுத்த வருஷம் கப்பலேறிவிட்டார். அந்த ஆண்டுகளில் இப்படிப் போனவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். துறைமுகத்தில் சோதனையில் பெரியம்மாவின் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். சென்னையில் இறங்கியபோது காதில் ஈர்க்குச்சி இருந்ததாக அண்ணன் சொல்வார். அண்ணனுக்குச் சோஷலிசத்தின் முதல் நினைவு அது. அதையும் வைத்துக்கொண்டு அவர் எப்படிச் சிவப்புத் துண்டு போட்டார் என்று நான் ஒருமுறை கேட்டேன். "கடையைப் புடுங்குனது சோஷலிசம் இல்லம்மா, ராணுவம்" என்றார். அப்படியும் இருக்கலாம்.

எங்கள் பக்கத்துக் கணக்கையும் எழுத வேண்டும். கடை எடுக்கப்பட்டபோது பர்மியர் யாரும் ஏன் எங்களுக்காக அழவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. 1930களின் நெருக்கடியில் நெல் விலை விழுந்து, கடன் அடைக்க முடியாமல் கீழ்ப்பர்மாவின் நெல்வயலில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது. மூட்டை தூக்கிய என் தாத்தாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நிலம் இழந்த பர்மிய விவசாயிக்கு, வேட்டி கட்டியவன் எல்லாம் ஒரே ஆள்தான். 1963இல் வந்த விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் கடனுக்காக நிலத்தையோ மாட்டையோ பறிக்கக் கூடாது என்றது. 1965இல் குத்தகையையே ஒழித்தார்கள். அது நல்ல சட்டம். அதை நல்லதில்லை என்று சொல்ல என் நாக்கு வராது.

பர்மியர் மொழியில் கடமைக்குத் தாவுன் என்று பெயர். அதில் வுன் என்றால் சுமை. உரிமைக்கு அக்வின்-அயே. அக்வின் என்றால் அனுமதி. உரிமை என்று அவர்கள் சொல்லும்போதே அதற்குள் யாரோ ஒருவர் தலையசைத்து அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கிறார். தமிழில் உரிமை என்பது உரியது, நமக்கானது, கேட்டு வாங்குவதல்ல. ஆனால் கடமைப் பக்கம் நாமும் ஒன்றும் லேசாக வைக்கவில்லை. கடன் என்றாலே தமிழில் கடமையும்தான், திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும்தான். தோங்குவாவில் விவசாயம் பார்த்த என் தாய்மாமாவுக்கு இந்தச் சொற்கணக்கு நன்றாகத் தெரியும். சோஷலிச ஆட்சியில் ஒவ்வொரு விவசாயியும் இத்தனை கூடை நெல்லை அரசு சொன்ன விலைக்கு அளக்க வேண்டும். அதற்குப் பெயர் தாவுன்சே நெல், கடமை தீர்க்கிற நெல். "சே" என்பது கடன் தீர்வதற்கும் அதே சொல். "அளந்துட்டு வந்தா கடன் தீந்துச்சும்பானுங்க. எவன்கிட்ட எப்ப வாங்குனேன்னு மட்டும் சொல்ல மாட்டானுங்க" என்பார் மாமா. விலை, சந்தையில் பாதிகூட வராது என்பார். வெள்ளம் வந்த வருஷம், வெளியே வாங்கிக் கொண்டுபோய் அளந்தாராம். குத்தகை இல்லை, கந்துவட்டி இல்லை, நிலத்தைப் பிடுங்க ஆள் இல்லை. ஆனால் என்ன பயிர் வைப்பது, யாருக்கு விற்பது என்பது அவர் கையில் இல்லை. 1987இல் நிறுத்தி, மறுபடி கொண்டுவந்து, 2003இல்தான் அதை முழுக்க எடுத்தார்கள். மாமா அப்போது உயிரோடு இல்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினால் நான் அண்ணன் பக்கம் சாய்ந்துவிடுவேன். நான் படித்தது முழுக்கச் சோஷலிசப் பள்ளிக்கூடம். கையில் பணமே இல்லாத வீட்டுப் பெண்பிள்ளை பத்தாவது வரைக்கும் போக முடிந்தது. எழுத்தறிவு இயக்கத்துக்காக பர்மாவுக்கு 1971இல் யுனெஸ்கோ பரிசு கிடைத்தது. அது சும்மா கிடைத்ததல்ல. கல்லூரிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் கிராமம் கிராமமாகப் போய் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். என் பாட்டிக்குக்கூட ஒரு பர்மியப் பெண் வந்து "க கா" சொல்லிக்கொடுத்தாளாம். பாட்டிக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. பர்மிய எழுத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். அதே ஆட்சிதான் 1965இல் தனியார் பள்ளிகளை எடுத்துக்கொண்டு தமிழ்ப் பள்ளிகளை இல்லாமல் செய்தது. 1966இல் தமிழ்ப் பத்திரிகைகளை நிறுத்தியது. எனக்குத் தமிழ் எழுத்து வந்தது கோயில் திண்ணையில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில்.

சனிக்கிழமைகளில் லோ-ஆ-பே. உழைப்பைக் கொடுத்தல் என்று அர்த்தம். சுயவிருப்பத்தோடு கொடுப்பது என்று பெயர். வராதவர்களின் பெயரை ஆசிரியை எழுதிக்கொள்வார். வாய்க்கால் வெட்டினோம், நாற்று நட்டோம், ஒருமுறை யாரோ ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று சாலையோரம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. சோறு கட்டிக்கொண்டு போவோம். பெரியவர்களுக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை.

இது சோஷலிசத்தின் கோளாறு என்று மகள் சொல்வாள். அங்கேதான் அவளுக்கு நான் ஒரு பாடம் வைத்திருக்கிறேன். ஊர்த் தலைவர் கூப்பிட்டால் கிராமத்தான் வந்து வேலை செய்ய வேண்டும், மறுத்தால் தண்டனை என்ற சட்டம் 1907இல் வந்த கிராமச் சட்டம். போட்டவர்கள் பிரிட்டிஷார். வீட்டில் ராத்திரி தங்கும் அயலாரை அறிவிக்க வேண்டும் என்பதும் அந்தக் காலத்து ஏற்பாடுதான். லண்டனில் தன் குடிமகனின் கதவைத் தட்ட யோசித்த அதே அரசாங்கம் ஐராவதிக் கரையில் யோசிக்கவில்லை. சுதந்திர பர்மா அதை வைத்துக்கொண்டது, சோஷலிச பர்மா வைத்துக்கொண்டது, அடுத்து வந்த ராணுவ ஆட்சியும் வைத்துக்கொண்டது. இங்கே கட்டாய உழைப்பு பரவலாகவும் திட்டமிட்டும் நடக்கிறது என்று 1998இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் விசாரணைக் குழு எழுதியபோது, அதற்குச் சட்ட வேர் எங்கே என்று தேடினால் 1907க்குத்தான் போக வேண்டியிருந்தது. 2012இல்தான் ரத்து.

1974 அரசியலமைப்பின் சிறு புத்தகம் ஒன்று அப்பாவிடம் இருந்தது. வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவித்துக் கொண்டுவந்த அரசியலமைப்பு. ஒரே கட்சி, அதுதான் நாட்டை நடத்தும் என்று அதிலேயே எழுதியிருந்தது. குடிமக்களின் உரிமைகளும் கடமைகளும் என்று ஒரு முழு அத்தியாயம். அப்பா அதைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருக்கிறார். பேச்சு, எழுத்து, வெளியீட்டுச் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு, உழைக்கும் மக்களின் நலனுக்கும் சோஷலிசத்துக்கும் முரணாகாதவரை. இந்த வாக்கியம் எந்த வீட்டுப் பிள்ளை என்று சோவியத் வரியைப் படித்தவர்களுக்குத் தெரியும். உரிமையைப் பயன்படுத்தும்போது சோஷலிச அமைப்பைக் குலைக்காமல் இருப்பது கடமை என்று இன்னொரு வரி. முரணா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது யார்? 1947 அரசியலமைப்பில், பிடித்துப்போன ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று உச்சநீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். 1962இல் அந்த உச்சநீதிமன்றத்தையே கலைத்துவிட்டார்கள். 1974க்குப் பிறகு சட்டம் படிக்காத "மக்கள் நீதிபதிகள்" உட்கார்ந்தார்கள். தீர்ப்பும் கட்சியிடம் போய்ச் சேர்ந்தது.

அப்பா கோடு போட்டிருந்தது இந்த வரிகளில் அல்ல. குடிமகன் யார் என்று சொல்கிற இரண்டு வரியில். பெற்றோர் இருவரும் இந்நாட்டினராக இருந்தால் பிள்ளை குடிமகன். ஏற்கெனவே சட்டப்படி குடியுரிமை பெற்றவரும் குடிமகன். அந்த இரண்டு வரிக்கும் வெளியே நின்றுகொண்டு மீதி அத்தியாயத்தைப் படித்திருக்கிறார் பாவம். அண்ணனும் மகளும் எந்த அமைப்பின் பட்டியல் நல்ல பட்டியல் என்று அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் கேள்வி அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

1982 சட்டத்தை நான் வரிவரியாகப் படித்தது ரொம்பப் பிந்தி, மகளுக்கு அட்டை வாங்க அலைந்தபோது. விருந்தாளிக் குடிமகன் நாட்டின் சட்டங்களை மதித்து நடக்க வேண்டும். சட்டம் விதிக்கும் கடமைகளைச் செய்ய வேண்டும். குடிமகனுக்குரிய உரிமைகளை அனுபவிக்கலாம், ஆனால் அரசுப் பேரவை அவ்வப்போது குறிப்பிடும் உரிமைகள் நீங்கலாக. கடமையில் கழிவு இல்லை. உரிமையில் அவ்வப்போது கழிவு. 1989இல் நான் "அறிந்திருக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டது இதைத்தான்.

கழிவு எப்படி இருக்கும் என்று எனக்கு அதற்கு இரண்டு வருஷம் முன்பே காட்டிவிட்டார்கள். 1987இல் பத்தாவது தேறினேன். மருத்துவம் படிக்கிற அளவுக்கு மதிப்பெண் இருந்தது. விண்ணப்பத்தோடு பெற்றோரின் அட்டையை இணைக்கச் சொன்னார்கள். இணைக்க இருந்ததை இணைத்தோம். விண்ணப்பம் திரும்பி வந்தது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கு முழுக் குடிமகனாக இருக்க வேண்டும். இலவசக் கல்வி என்ற உரிமை எனக்கு அங்கே நின்றது. அதே வருஷம் செப்டம்பர் 5இல் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அம்மா அரிசிப் பானைக்குள் சேர்த்துவைத்தது அத்தனையும் 75 கியாட் நோட்டு. (அந்த வருஷம்தான் பிராட்ஸ்கிக்கு நோபல் பரிசு. ஏனோ இரண்டையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.) நோட்டுச் செல்லாமல் போனபோது யாரும் அட்டை கேட்கவில்லை. முழுக் குடிமகன், விருந்தாளி, ஒன்றுமே இல்லாதவர் எல்லோருக்கும் ஒரே நஷ்டம். லோ-ஆ-பேக்கும் கேட்டதில்லை. தாவுன்சே நெல்லுக்கும் கேட்டதில்லை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது ராக்கைன் மாநிலத்தில், குடியுரிமையே மறுக்கப்பட்ட ரொஹிங்கியா இளைஞர்களையும் பிடித்துச் சேர்த்தார்கள். கடமைக்கு இங்கே அட்டை தேவைப்பட்டதே இல்லை.

இன்னொரு வரியும் அந்தச் சட்டத்தில் உண்டு. ஒழுக்கக்கேடான குற்றத்துக்குக் குறைந்தது ஓராண்டு சிறையோ 1000 கியாட் அபராதமோ பெற்றால் விருந்தாளியின் குடியுரிமையைப் பறிக்கலாம். 1982இல் 1000 கியாட் பெரிய காசு. இன்று அதற்கு ஒரு கோப்பை மோஹிங்கா நூடுல்ஸ் கிடைக்காது.

2018இல் அண்ணன் வந்தார். விமான நிலையத்தில் இறங்கியதும் "ஊருக்கு வந்துட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனால் வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்குவதற்கு அனுமதி வாங்குவது சுலபமல்ல. தான் பிறந்த வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை தூரத்தில் ஓட்டல் அறையில் படுத்தார். காலையில் காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து மறுபடி சண்டை. இந்திய அரசியலமைப்பிலும் கடமைகள் உண்டே, சோவியத்தைப் பார்த்துத்தானே சேர்த்தார்கள் என்றார். உண்டு: 1976இல் 42ஆவது திருத்தத்தில் பத்து, 2002இல் இன்னொன்று. "1976லதானே, ஆளைப் பிடிச்சுட்டுப் போனாலும் ஆட்கொணர்வு மனுப் போட முடியாதுன்னு உங்க உச்சநீதிமன்றமே சொல்லுச்சு?" என்றேன். அண்ணன் பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்குப் பதில் இல்லாதபோது அப்படித்தான் செய்வார்.

ஆனால் அவரும் விடவில்லை. 1948இல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்துக்கு பர்மா ஆதரவாக வாக்களித்தது. சோவியத் கூட்டம் வாக்களிக்காமல் ஒதுங்கியது. பிறகு 1966இல் அதை இரண்டு உடன்படிக்கையாக உடைத்தார்கள். ஒன்று பேச்சு, வழிபாடு, நியாயமான விசாரணை. இன்னொன்று வேலை, வீடு, கல்வி, வைத்தியம். அமெரிக்கா முதலாவதை 1992இல் உறுதிசெய்தது. இரண்டாவதை 1977இல் கையெழுத்திட்டதோடு சரி, இன்றுவரை உறுதிசெய்யவில்லை. மியான்மர் 2017இல் இரண்டாவதை மட்டும் உறுதிசெய்தது. "ஆளுக்கொரு பாதியை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் முழுசுன்னு சொல்றானுங்கம்மா" என்றார். இதை நான் ஒத்துக்கொண்டேன்.

அண்ணன் வந்த அந்த வருஷம்தான் பிரிட்டனில் விண்ட்ரஷ் விவகாரம் வெடித்தது. கரீபியன் தீவுகளிலிருந்து பேரரசின் பிரஜைகளாகப் போய், ஐம்பது வருஷம் வரி கட்டி, பேருந்து ஓட்டி, மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களிடம் திடீரென்று காகிதம் கேட்டார்கள். அவர்கள் வந்திறங்கியதற்குச் சான்றாயிருந்த சீட்டுகளை உள்துறையே 2010இல் அழித்திருந்தது. வேலை போனது, வைத்தியம் நின்றது, சிலரை நாடுகடத்தியும்விட்டார்கள். செய்தியைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் குரல் கேட்டது: இங்கதானே இருக்கோம், இதுக்கு என்னத்துக்குக் காகிதம்? மேற்கிலும் ஏ உண்டு. அட்டைக்கு நிறம் பூசாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அங்கே பத்திரிகைகள் அதை நாள் தவறாமல் எழுதின. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள். உள்துறை அமைச்சர் பதவி விலகினார். நஷ்டஈட்டுத் திட்டம் ஒன்று வந்தது. நத்தை வேகத்தில் நடக்கிறது என்று அதையும் திட்டி எழுதுகிறார்கள். 1964இல் எங்கள் கடையை எடுத்தபோது அப்பா யாரிடம் போயிருக்க முடியும்? வழக்குப் போட உச்சநீதிமன்றம் இல்லை. எழுதத் தமிழ்ப் பத்திரிகை இன்னும் இரண்டு வருஷம்தான் உயிரோடு இருந்தது. அதுவும் எழுதத் துணியவில்லை. தப்புச் செய்யாத அரசாங்கம் என்று ஒன்றை நான் எங்கும் பார்க்கவில்லை. அப்பாவுக்கு ஒரு மனுவாவது போட இடம் இருந்திருந்தால், கடை போனால் போகட்டும், அவர் அப்படி வாயடைத்துப்போன மனுஷனாக ஆகியிருக்க மாட்டார். என் காலையும் மிதித்திருக்க மாட்டார்.

என் வீட்டுக்காரரும் நீல அட்டைதான். விருந்தாளிக்குப் பிறந்த விருந்தாளிகளுக்குப் பிறந்த பிள்ளை முழுக் குடிமகன் என்று சட்டம் சொல்கிறது. மூன்றாம் தலைமுறையில் விருந்து முடிகிறது. தாத்தாவின் ஆலைச் சீட்டிலிருந்து என் பள்ளிச் சான்றிதழ் வரை கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு எத்தனையோ முறை ஏறி இறங்கி மகளுக்கு இளஞ்சிவப்பு அட்டை வாங்கினோம். வாங்கி வந்த அன்று அவள் அப்பா அதைச் சாமி படத்தின் முன் வைத்துக் கற்பூரம் காட்டினார். அந்த அட்டையால்தான் அவள் நர்சிங் படித்தாள், அந்தப் படிப்பால்தான் இங்கிலாந்து போனாள். இப்போது அடுத்த வாரம் அந்த உறுதிமொழியைச் சொன்னதும், இன்னொரு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்ற காரணத்தால், அந்த இளஞ்சிவப்பு அட்டை செல்லாது. எங்கள் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது.

"வருத்தமாம்மா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன வருத்தம். நீ நல்லாச் சொன்ன, தடுமாறல."

"டிசம்பர்ல லீவு கிடைச்சா வரலாம்னு பாக்குறேன். விசா போடணும்ல இனிமே."

விசா போட வேண்டும். ஏ-சயின் பட்டியலை 2016இல் எடுத்திருந்தார்கள். 2021 பிப்ரவரி 13இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து அக்கா மகன் வந்து ஒரு ராத்திரி படுத்தாலும் வார்டு அலுவலகத்தில் எழுத வேண்டும். வெளிநாட்டுக்காரி என்றால் கேட்கவே வேண்டாம். அதை அவளிடம் அப்போது சொல்லவில்லை. அண்ணன் தங்கிய ஓட்டல் இன்னும் இருக்கிறதா என்று மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். இருக்கிறது. ஜெனரேட்டர் உண்டு, லிப்ட் இல்லை. இரண்டாவது மாடியில் தெருப் பக்கமாக ஓர் அறை காட்டினார்கள். ஜன்னலைத் திறந்தால் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் பார்வையாளர் அறைக்கு வரக் கூடாதாம். மீன் குழம்பை எட்டு மணிக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடலாம்.